மாதிரியும் வகைமாதிரியும்: அச்சிடப்பட்ட தாடை பற்றி ஒரு திறனாய்வு நோக்கு

இலக்கியத்தில் யதார்த்தவாதம் பற்றி நிகழ்ந்த விவாதங்கள் இலக்கியத்துக்கு மட்டுமே உரியவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஒன்றைப் பிரதிசெய்து, அப்பிரதியினூடாக உலகை அறியவும் அதன்மீது செயற்படவும் மனிதர் முற்படும் இடங்களிலெல்லாம் அதே விவாதம் வேறு பெயர்களில் நடைபெற்று வருகின்றது. பல் மருத்துவ மாணவருக்குச் சத்திரசிகிச்சை பயிற்றுவதற்கு முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்கப்பட்ட தாடைகளைப் பயன்படுத்தும் வழக்கம் அண்மைக் காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பரவியுள்ளது. அதனையொட்டி எழுந்த ஆய்வுகளிலே திரும்பத் திரும்பக் கையாளப்படும் அளவுகோல்களுள் ஒன்று, மாதிரி எவ்வளவு தூரம் யதார்த்தமாக உள்ளது என்பதாகும். நமது துறைக்கு நன்கு பழக்கமான இச்சொல் பல் மருத்துவர் கையில் என்ன பொருள் தருகின்றது, எதனைப் பார்வையிலிருந்து அகற்றுகின்றது என்று வினவுவது திறனாய்வாளனின் எல்லை மீறலாகாது. பல்லைப் பற்றிப் பேசுவதற்கு உமக்கு என்ன தகுதி என்று மருத்துவ நண்பர்கள் கேட்கக்கூடும். ஞானப்பல் ஒன்றை இழந்த தகுதி நமக்கு உண்டு; அதனைப் பின்னர் கூறுவோம்.

குஸ்தாவ் புளோபேர் 1857 இல் நூலாக வெளியிட்ட 'மடாம் பொவாரி' என்னும் நாவலின் இரண்டாம் பாகத்தில் ஒரு சத்திரசிகிச்சை இடம்பெறுகின்றது. நோர்மண்டிப் பிரதேசச் சிற்றூர் ஒன்றின் விடுதியில் குதிரைலாயப் பணியாளனாக இருக்கும் இப்போலித்துக்கு வளைந்த பாதம். அப்பாதத்துடனேயே அவன் ஓடியாடி வேலை செய்து வந்தான். மருந்துக்கடைக்காரரான ஓமே, இவ்வகைப் பாதத்தை நேராக்கும் புதிய முறையைப் பற்றிப் படித்துவிட்டு, அச்சிகிச்சை தமது ஊரிலும் நடைபெற்றாக வேண்டுமென வற்புறுத்துகின்றார். கணவனது புகழினால் தானும் உயர விரும்பும் எம்மா அதற்குத் துணை நிற்கின்றாள். சார்ள் பொவாரி நூலொன்றைத் தருவித்து இரவிரவாகப் படிக்கின்றான். இப்போலித் தயங்குகின்றான்; செலவு எதுவுமில்லை என்று சொல்லப்பட்டதும் அவனது தயக்கம் தளர்கின்றது. குதிகாலின் தசைநாண் வெட்டப்படுகின்றது, கால் பெட்டியொன்றினுள் வைத்து இறுக்கப்படுகின்றது, ஓமே பத்திரிகைக்கு வெற்றிச் செய்தி எழுதுகின்றார். சில நாட்களிற் கால் அழுகத் தொடங்குகின்றது. வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட வைத்தியர் தொடையோடு அதனை அறுத்தெடுக்கும்போது எழுந்த அலறல் ஊரெங்கும் கேட்கின்றது. சார்ள் வீட்டினுள் அமர்ந்திருக்கின்றான்.

இக்காட்சியை விமரிசகர்கள் சார்ளின் அசட்டுத்தனத்துக்கும், சிறுநகர நடுத்தர வர்க்கத்தின் போலியான முன்னேற்ற வேட்கைக்கும் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். அது பிழையன்று. ஆயினும் அவ்வாசிப்பு சார்ளையும் ஓமேயையும் நோக்கியே திரும்பி நிற்கின்றது, வெட்டப்பட்டவனை நோக்கவில்லை. பயிற்சி பெறாத கையின் முதலாவது தவறு எவருடைய உடலில் விழுகின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. ஓமேயின் பாதம் வளைந்திருந்தால் சார்ள் கத்தியை எடுத்திருப்பானா? செலவில்லை என்ற ஒரு சொல்லினுள் ஒரு வர்க்க உறவு முழுவதும் அடங்கியிருக்கின்றது. வறியவர் தமது உடலைக் கற்போர் பார்வைக்கு விட்டுக்கொடுத்து இலவச சிகிச்சை பெறுவதும், அங்கே விளைந்த அறிவு பின்னர் செல்வரது படுக்கையருகே பயன்படுவதும் நவீன மருத்துவமனையின் அடிப்படையில் அமைந்த எழுதப்படாத ஒப்பந்தம் என்று மிஷேல் ஃபூக்கோ 1963 இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். அவரது முறையியலோடு நமக்கு உடன்பாடின்மைகள் பல உள, இவ்வவதானம் சரியானது. இறந்த பின்னரும் அவ்வொப்பந்தம் முடிவதில்லை. 1832 இல் பிரித்தானியா இயற்றிய உடற்கூற்றியற் சட்டம், வறியோர் இல்லங்களில் உரிமை கோரப்படாது கிடந்த உடல்களை மருத்துவப் பாடசாலைகளின் மேசைக்கு அனுப்ப வழி செய்தது. கடன்பட்ட வாழ்வின் இறுதித் தவணையை ஏழை தன் சடலத்தாற் கட்டினான் எனலாம்.

புளோபேர் இவற்றை நூல்களில் மட்டும் கண்டவரல்லர். அவரது தந்தையார் ரூவான் நகர மருத்துவமனையின் தலைமைச் சத்திரசிகிச்சையாளர். 1821 இல் புளோபேர் பிறந்ததும் வளர்ந்ததும் மருத்துவமனையோடு ஒட்டிய அவ்வில்லத்திலேதான். இன்று அவ்வில்லம் புளோபேருக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் பொதுவான அரும்பொருளகமாக உள்ளது. அங்கே நமது பொருளுக்கு மிக நெருக்கமான ஒரு பொருள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. துணி, தோல், பஞ்சு ஆகியவற்றாற் செய்யப்பட்ட, உயிரளவான ஒரு பெண்ணின் இடுப்பும் தொடைகளும், அதனுள்ளே துணியாலான ஒரு சிசுவும். 1759 இல் பதினைந்தாம் லூயி மன்னனின் ஆணை பெற்று, கால் நூற்றாண்டுக் காலம் பிரான்சின் மாகாணந்தோறும் சென்று, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு மருத்துவிச்சிப் பயிற்சி அளித்த ஆஞ்செலிக் து கூத்ரே அம்மையார் இயற்றிய பயிற்சிப் பாவை அது. அவர் அதனை 'பொறி' என்றே அழைத்தார். எழுத்தறிவு குன்றிய பெண்கள் அதன்மீது கைவைத்துப் பழகினர். அழகாக இருக்க வேண்டுமென்று எவரும் அதனைத் தைக்கவில்லை. சிசு குறுக்கே கிடக்கும்போது கை எவ்வழி செல்ல வேண்டும் என்பதைக் கற்பிக்கவே அது தைக்கப்பட்டது. இன்று ஆய்வேடுகளிற் புதுமையாகப் பேசப்படும் விடயத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டு மூப்புடைய முன்னோடி ஒன்றுண்டு என்பதும், அது ஒரு பெண்ணின் தையற் கூடையிலிருந்து பிறந்தது என்பதும் மனங்கொளத்தக்கன.

*

பல் மருத்துவத்துக்கு வருவோம். கிளாஸ்கோவைச் சேர்ந்த ஒஸ்வல்ட் பேர்கஸ் என்பவர் 1894 இல் அறிமுகஞ்செய்த பயிற்சித் தலையே இத்துறையிற் செயற்கைத் தலை கொண்டு கற்பிக்கும் மரபின் தொடக்கம் எனக் கூறப்படுகின்றது. உலோகக் கம்பியில் இரு தாடைகளைப் பொருத்திய எளிய கருவியாகத் தொடங்கிய அது, பின்னர் இறப்பர்க் கன்னங்களும் பிளாஸ்ரிக் முரசும் திருகாணியாற் பொருத்தப்பட்ட பற்களும் கொண்ட தொழிற்சாலைப் பண்டமாக வளர்ந்தது. இம்மாதிரிகளில் முப்பத்திரண்டு பற்களும் வரிசை பிசகாது நிற்கும். சொத்தை இராது, தேய்வு இராது, முரசு கரைந்திராது. இவ்வாறான வாயுடைய நோயாளர் ஒருவர் பல் வைத்தியரிடம் வரவேண்டிய அவசியமே இல்லை என்பது வேறு விடயம்! காப்பியத் தலைவனைப் போலக் குறைகள் யாவும் களையப்பட்ட இத்தாடையில் மாணவர் குழி தோண்டவும் அடைக்கவும் கற்றனர். சத்திரசிகிச்சைக்கு அது பெரிதும் பயன்படவில்லை. என்பினுள் புதைந்து கிடக்கும் பல்லை அதில் எங்கே தேடுவது? பிடுங்கிய பற்களை மாணவர் சேகரித்துப் பழகிய வழக்கமும், சடலங்களின் தாடையிற் பழகிய வழக்கமும் ஒருபுறமிருக்க, சத்திரசிகிச்சையின் உண்மையான பள்ளிக்கூடம் போதனா வைத்தியசாலையின் இலவசக் கதிரையாகவே இருந்து வந்தது.

இந்நிலையை முப்பரிமாண அச்சு மாற்றியமைத்தது. 1990களின் பிற்பகுதியிற் பல் மருத்துவத்துக்கு வந்த கூம்புக்கதிர்ப் படப்பிடிப்பு முறை, நோயாளரின் தாடையை ஒரே சுற்றிற் படமாக்கிக் கணினிக்குத் தருகின்றது. கணினியில் என்பும் பல்லும் நரம்புக் கால்வாயும் வெவ்வேறாகப் பிரிக்கப்படுகின்றன. பின்னர் அச்சுப்பொறி, உருக்கிய பிளாஸ்ரிக் இழையைப் படைபடையாக இட்டோ, ஒளிபட்டால் இறுகும் பிசினைப் படைபடையாக இறுக்கியோ அத்தாடையைக் கட்டியெழுப்புகின்றது. ஒரு தாடையை நூறாக்கலாம். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நோயாளரின் ஒரே பல்லை ஒரே நேரத்தில் அகற்றலாம். ஜேர்மனியின் மூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் உண்மை நோயாளரின் வாய்நிலையை அடியொற்றி அச்சிட்ட பயிற்சி மாதிரிகள் பற்றி 2017 இலும், சுவிற்சர்லாந்தின் பேசல் நகரத்தினர் மலிவான அச்சு மாதிரிகளை வாய்முகச் சத்திரசிகிச்சையாளரிடம் பரிசோதித்தமை பற்றி 2018 இலும் எழுதினர். பிராங்போட் பல்கலைக்கழகத்தினர் 2020 இல் வெளியிட்ட ஆய்வு, அச்சிட்ட தாடையையும் சடலத் தாடையையும் ஒப்பிட்டது. அவ்வொப்பீடு மாணவரது அபிப்பிராயங்களின் ஒப்பீடு என்பதைக் கட்டுரைத் தலைப்பே நேர்மையாக அறிவித்து விடுகின்றது.

இந்நேர்மையை நாம் மதிக்கின்றோம். ஆயினும் இத்துறை ஆய்வுகளிற் கணிசமானவை வினாக்கொத்தையே நம்பி நிற்கின்றன. மாதிரி உண்மை போன்றிருந்ததா, துளைக்கும்போது என்பு என்பு போன்றிருந்ததா என்று மாணவர் கேட்கப்படுகின்றனர். ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிட்டு அவர் விடையளிக்கின்றனர். உண்மையான தாடையைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் திறந்து பார்த்திராத மாணவர், பிரதி மூலத்தை ஒத்திருக்கின்றதா என்பதற்குத் தீர்ப்பு வழங்குகின்றார்! ஊரைக் காணாத வாசகன் நாவலில் மண்வாசனை கமழ்கின்றது என்று மதிப்புரை எழுதுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. நமது சஞ்சிகைகளில் அத்தகைய மதிப்புரைகள் வராத மாதமில்லை என்பதால், பல் மருத்துவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

பொருள் அடிப்படையிலும் ஒப்புமை குறைவானதே. மலிவான பொறிகளிற் பெரிதும் பயன்படும் இழை ஏறத்தாழ 60 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்குவது. வேகமாகச் சுழலும் துளைகருவி பட்டதும் அது உருகிக் கருவியின் பற்களில் அப்பிக்கொள்ளும். பிசின் தாடை உருகாது. ஆனால் வெளிப்புறத்துக் கெட்டியான என்புக்கும் உட்புறத்துப் பஞ்சுபோன்ற என்புக்கும் கை உணரும் வேறுபாட்டை அது எளிதிற் தருவதில்லை. பல்லுக்கும் என்புக்கும் இடையே உண்மையில் ஒரு மெல்லிய நாரிழையம் உண்டு. நெம்புகருவியை இட்டுத் திருப்பும்போது அவ்விழையம் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பதைக் கை அறிதலே இக்கலையின் உயிர்நிலை. ஒரே கட்டியாக அச்சிடப்பட்ட தாடையில் அது இல்லை. இரத்தமும் உமிழ்நீரும் இல்லை. இக்குறைகளை நீக்குவதே முன்னேற்றம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அடுத்த மாதிரி இன்னும் ஒத்திருக்கும், அதற்கடுத்தது அதனிலும் ஒத்திருக்கும் என்னும் இந்நம்பிக்கையையே நாம் பரிசீலிக்க விரும்புகின்றோம்.

*

தமிழ்த் திறனாய்விலே ஜோர்ஜ் லூக்காச்சின் கோட்பாட்டை விளக்கியோர் அவர் ஆண்ட மையச் சொல்லுக்கு 'வகைமாதிரி' என்று தமிழ் தந்தனர். அச்சொல்லினுள் மாதிரி என்பது அடங்கியிருப்பினும் இரண்டும் ஒன்றல்ல. மாதிரி ஒரு பொருளைப் போன்றிருப்பது. வகைமாதிரியோ, ஒரு காலகட்டத்தின் முரண்பாடுகள் யாவும் உச்சநிலையிற் குவிந்து வெளிப்படும் தனிமனிதப் படைப்பு. அது சராசரியன்று என்பதை லூக்காச் வலியுறுத்துவார். பலரின் பொதுக்கூறுகளைக் கூட்டி வகுத்தாற் சராசரி கிடைக்கும். ஒருவரை அப்படியே படம்பிடித்தால் இயற்பண்புவாதம் கிடைக்கும். இரண்டிலும் வகைமாதிரி இல்லை. 1888 ஏப்ரலில் மார்கரெட் ஹார்க்னெஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ், வகைமாதிரியான மாந்தரோடு வகைமாதிரியான சூழ்நிலைகளும் இணைந்தே யதார்த்தவாதத்தை ஆக்கும் எனச் சுட்டியமை நாம் அறிந்ததே. சூழ்நிலை என்னும் இரண்டாவது கூறு இங்கே முக்கியமானது.

இவ்வேறுபாட்டைத் தாடைக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய தாடை சராசரியும் இலட்சியமும் கலந்த ஒன்று. நோயாளர் ஒருவரின் கதிர்ப்படத்திலிருந்து நேரே அச்சிடப்பட்ட தாடை இயற்பண்புவாதப் பிரதி. ஓர் உண்மை மனிதரின் தாடை என்பதாலேயே அது கற்பிக்கும் தகுதி பெற்றுவிடுவதில்லை. எந்தத் தாடையை அச்சிடுவது என்ற தேர்வே இங்கு கலைஞனின் வேலைக்கு ஒப்பான வேலை. ஜோர்ஜ் வின்ரர் 1926 இல் வெளியிட்ட நூலிற் கீழ்த்தாடையிற் புதைந்த ஞானப்பல்லை அது சாய்ந்து கிடக்கும் திசை நோக்கி வகைப்படுத்தினார். முன்னோக்கிச் சாய்ந்தது, கிடையாகக் கிடப்பது, நேராக நிற்பது, பின்னோக்கிச் சாய்ந்தது எனப் பிரிப்பர். நம் பொருளிலக்கணகாரர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது முன்னோக்கிச் சாய்ந்தது. எண்ணிக்கையை நோக்குபவர் அதனையே அச்சிடுவர். ஆயின் பின்னோக்கிச் சாய்ந்த பல், படத்திற் பார்க்கும்போது ஏறத்தாழ நேராக நிற்பது போலவும் எளிதில் வந்துவிடும் போலவும் தோன்றும். கையிட்டால், வெளியேறும் வழியைத் தாடையின் மேலெழுந்த என்பே அடைத்து நிற்பது தெரியவரும். வேர் நரம்புக் கால்வாயை அடுத்திருந்தால் இடர் மேலும் கூடும். அரிதாயினும் இத்தொழிலின் முரண்பாடுகள் யாவும், தோற்றத்துக்கும் சாராம்சத்துக்கும் உள்ள பிணக்கு உட்பட, ஒருங்கே குவிந்துள்ள பல் அதுவே. வகைமாதிரி என்று லூக்காச் கூறியதற்குப் பல்லுலகில் இதனிலும் பொருத்தமான உதாரணத்தை நாம் அறியோம்.

சூழ்நிலைக்கு வருவோம். மேசைமீது வைக்கப்பட்ட தாடையை மாணவர் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பின்னிருந்தும் பார்க்கலாம். உண்மை வாய் மூன்று விரற்கிடை திறக்கும். வீக்கத்தோடு வருபவரின் வாய் அதுவும் திறவாது. ஏன் வீக்கத்தோடு வருகின்றார்? நாட்கூலியை இழக்க முடியாமையால், வலி வந்தபோதெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக் காலம் கடத்தியதால். மலையகத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கு வரும் தொழிலாளரை நினைத்துப் பார்க்கலாம். வெற்றிலையும் பாக்கும் நெடுங்காலம் மென்றவரின் கன்ன இழையம் இறுகி நாராகி, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்காண்டு சுருங்கும் நோய் இந்நாட்டுப் பல் மருத்துவர் நன்கறிந்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதும் தெரிந்ததே. பசியையும் அலுப்பையும் மறக்க வெற்றிலை மெல்லும் வழக்கத்துக்கு உழைப்பு நிலைமையோடுள்ள தொடர்பை இங்கு விரிக்கவில்லை. அச்சிட்ட தாடை இவ்வரலாற்றின் விளைவான பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வரலாறு எழுதப்பட்ட கன்னத்தை விட்டுவிடுகின்றது. தொழிற்சாலை ஒன்றின் புகைப்படம் அத்தொழிற்சாலை பற்றி ஏறத்தாழ எதனையுமே கூறுவதில்லை என்று 1931 இல் பிறெக்ற் குறிப்பிட்டார். உண்மையான உறவுகள் படத்துக்குள் அகப்படா என்பது அவர் கருத்து. மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு துல்லியமான தாடைக்கும் அக்கூற்று பொருந்தும்.

ஆனால் பிறெக்ற் அத்தோடு நிற்கவில்லை. உறவுகள் படத்தில் அகப்படாதபோது எதையாவது கட்டியமைக்க வேண்டும், செயற்கையாக ஆக்க வேண்டும் என்றார். லூக்காச்சோடு அவர் முரண்பட்ட இடம் இது. அச்சிட்ட தாடை விடயத்திற் பிறெக்ற் பக்கமே நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. அம்மாதிரிகளுள் மிகச் சிறப்பாகக் கற்பிப்பவை உண்மையோடு ஒத்திராதவையே. ஒளிபுகும் பிசினால் என்பும், சிவப்பு நிறத்தால் நரம்புக் கால்வாயும் அச்சிடப்பட்ட தாடை ஒன்றை நாம் கையிலெடுத்துப் பார்த்தோம். உலகில் எந்த மனிதனுக்கும் கண்ணாடித் தாடையும் செந்நிற நரம்பும் இல்லை. ஆயினும் வேரின் நுனிக்கும் நரம்புக்கும் உள்ள தூரம் எத்தனை சிறியது என்பதை உண்மைத் தாடை மறைக்க, இப்பொய்த் தாடை வெளிப்படுத்துகின்றது. கூத்ரே அம்மையாரின் துணிப்பாவையும் அத்தகையதே. ஒப்புமையைத் துறந்ததாலேயே அது அறிவு தந்தது. எனவே, மாதிரி யதார்த்தமாக இருந்ததா என்று மாணவரை வினவுவதை விடுத்து, முன்னர் காணாத எதனை அது காட்டியது என்று வினவுவதே பொருந்தும்.

நமது ஞானப்பல்லைப் பற்றிக் கூறுவதற்கு உரிய இடம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன்னர் போதனா வைத்தியசாலையொன்றில் அது அகற்றப்பட்டது. கருவியைப் பிடித்தவர் இறுதியாண்டு மாணவர். மேற்பார்வையாளர் அடுத்த கதிரையில் வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். "நோகுதா, சேர்?" என்று அவ்விளைஞர் அடிக்கடி வினவினார், வாய் நிறையக் கருவிகள் இருக்கையில் யாது விடை பகர்வது? கீழுதட்டின் வலப்பாதி மூன்று மாதங்கள் விறைத்திருந்தது. தேநீர் கடைவாயால் வழிவது சட்டை நனைந்த பின்னரே தெரியும். எழுத்துகளின் பிறப்பிடங்களுள் இதழையும் பல்லையும் தொல்காப்பியம் சேர்த்து எண்ணுவதை அதுவரை வகுப்பிற் கற்பித்து வந்தோம். அந்த மூன்று மாதங்களில் உணர்ந்தோம். பின்னர் அம்மாணவரை ஒருநாள் சந்தித்தபோது, நமது பல்லே தாம் அறுத்தெடுத்த முதலாவது பல் என்றார். அதற்கு முன்னர் வெண்ணிறப் பிளாஸ்ரிக் தாடை ஒன்றில் மட்டுமே பழகியிருந்தாராம். அதில் நரம்பு என்று ஒன்று இருக்கவில்லை. அவர்மீது நமக்கு மனக்குறை எதுவும் இல்லை. நமது வாய்க்கு முன்னர் அச்சிட்ட தாடைகள் பத்தில் அவர் கைபழகியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பதில் ஐயமுமில்லை. ஆனால் இது அவரது முதலாவது என்பதை அன்று எவரும் நமக்குக் கூறவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்யும் ஒருவருக்கே கூறப்படாதது, கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளமிடும் ஒருவருக்குக் கூறப்படும் என எதிர்பார்க்கலாமா?

இதனாலேயே, செயற்கைத் தாடை மாணவரை மனிதரிடமிருந்து அந்நியப்படுத்தும் எனப் புலம்பும் மனிதாபிமானிகளோடு நாம் சேர மறுக்கின்றோம். அவர் போற்றும் அந்த மனித நெருக்கம் இதுகாறும் ஏழையின் வாயில், ஏழையின் செலவிலேயே நிகழ்ந்து வந்துள்ளது. முதலாவது தவறைப் பிளாஸ்ரிக் தாங்கிக்கொள்ளுமாயின் அது வரவேற்கத்தக்கது. பொறி வேறு, பொறியின் முதலாளித்துவப் பிரயோகம் வேறு என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் வகுத்த வேறுபாட்டை இங்கும் கைக்கொள்ளல் வேண்டும்.

அப்பிரயோகத்தின் வரலாறும் சுவையானது. ஒளியினாற் பிசினை இறுக்கி உருவமைக்கும் முறையை ஜப்பானியரான ஹிடியோ கொடாமா 1981 இலேயே வெளியிட்டிருந்தார். ஆக்கவுரிமை நடைமுறையை அவர் நிறைவுசெய்யவில்லை. 1984 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் மூவர், அமெரிக்கரான சார்ள்ஸ் ஹல்லுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே விண்ணப்பித்திருந்தும், வர்த்தக வாய்ப்பில்லை என்று கருதப்பட்டு அவ்விண்ணப்பம் கைவிடப்பட்டது. ஹல்லுக்கு 1986 இல் உரிமை கிட்டியது. அவ்வாண்டே அவரது கம்பெனியும் தோன்றியது. இழையை உருக்கி இடும் முறைக்கு ஸ்கொட் கிரம்ப் 1989 இல் விண்ணப்பித்துப் பெற்ற உரிமை 2009 இல் முடிவுற்றது. அதற்குச் சற்று முன்னர் 2005 இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் என்பவர் தன் பாகங்களைத் தானே அச்சிடத்தக்க பொறியொன்றின் வரைபுகளை எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் வைக்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். தனியுரிமை முடிவுற்றமையும் இப்பொதுவுடைமை முயற்சியும் சேர்ந்தே பல்லாயிரம் டொலர் பொறியைச் சில நூறு டொலர்ப் பொறியாக்கின. பேசல் நகரத்தாரின் மலிவான தாடைக்குப் பின்னால் இவ்வரலாறு உண்டு. தாடையின் கணினிக் கோப்புக்கு இன்னும் இத்தகைய தீர்வு கிட்டவில்லை. நோயாளர் ஒருவரின் தாடை கோப்பாகி, கோப்பு பண்டமாகி, பண்டம் நாடு விட்டு நாடு விற்பனையாகும்போது, அத்தாடைக்குரியவர் அப்பரிவர்த்தனையில் எவ்விடத்தில் நிற்கின்றார்? பல்லை ஒருமுறைதான் பிடுங்கலாம். கோப்பை எத்தனை முறையும் விற்கலாம்.

நமது பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. பொறி இன்று மலிவு. கதிர்ப்படங்கள் நமது வைத்தியசாலைகளிலேயே உள. தேர்ந்தெடுக்கும் அறிவு நமது ஆசிரியரிடம் உண்டு. நோயாளருக்கு விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துக்கூறிச் சம்மதம் பெற்று, தோட்டத் தொழிலாளியின் இறுகிய கன்னத்தையும் இரு விரற்கிடை திறக்கும் வாயையும் சேர்த்து அமைத்த மாதிரிகளை ஆக்கி, அவற்றின் கோப்புகளைப் பீடங்கள் தமக்குள் விலையின்றிப் பகிர்ந்துகொள்ளலாம். இதற்கு மாறாக, பல்லாயிரம் டொலர் பெறுமதியான வெளிநாட்டுப் பாவனைக் கருவியொன்றை வாங்கி, திறப்பு விழா நடாத்தி, பழுதாகிவிடும் என்று பூட்டி வைத்து, விருந்தினர் வரும்போது மட்டும் உறையை நீக்கிக் காட்டும் வழக்கத்தை நாம் வேறு துறைகளிற் கண்டிருக்கின்றோம்.

புளோபேரின் நாவலில், கால் இழந்த இப்போலித்துக்குச் சார்ள் ஒரு செயற்கைக் கால் வாங்கிக் கொடுக்கின்றான். தக்கையும் விற்சுருள் மூட்டுகளும் கொண்டு நுட்பமாக ஆக்கப்பட்டது. மேலே கறுப்புக் காற்சட்டையும் கீழே பளபளக்கும் சப்பாத்தும் அணிவிக்கப்பட்டது. அத்தனை அழகான காலை நாள்தோறும் பாவிக்க இப்போலித்துக்குத் துணிவு வரவில்லை. வேலைக்கு உதவும் சாதாரண மரக்கால் ஒன்று வாங்கித் தருமாறு அவன் மடாம் பொவாரியைக் கேட்டுக்கொள்கின்றான். வைத்தியர் அதற்கும் பணம் கொடுக்கின்றார். அதன் பின்னர், கல் பாவிய வீதியில் அம்மரக்காலின் ஓசை தூரத்திற் கேட்டதுமே அவர் வேறு வழியாகச் சென்றுவிடுகின்றார்.